பிலோ அக்கா கொடுத்துவிட்ட படம்

செய்தி வந்தபோது நான் சிலாபம் மீன் சந்தையில் ஒரு பாரை மீனுக்காகச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தேன். செவுளைத் தூக்கிக் காட்டச் சொன்னால் மீன்காரர் வாலைக் காட்டுகிறார். "வாலை நான் வீட்டில போய்ப் பார்க்கிறேன், நீங்க செவுளைக் காட்டுங்க" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. பிலோமினா அக்காவின் மகள் ஷிரோமி. "அன்ரி, அம்மா காலையில பால் தேத்தண்ணி கேட்டா. ஊத்திக்கொண்டு வந்து பார்த்தா கதிரையில சாய்ஞ்ச மாதிரியே..." என்றாள். மீனை வாங்கினேனா, விட்டுவிட்டு வந்தேனா என்று இன்றைக்கும் ஞாபகம் இல்லை.

பின்னேரமே மரண அறிவித்தல் எல்லோருடைய போனுக்கும் வந்துவிட்டது. உங்களுக்கும் வந்திருக்கும். அதில் இருந்த படம் யாருடையதோ கலியாண வீட்டில் கூட்டமாக நின்று எடுத்தது; அக்காவை மட்டும் வெட்டி எடுத்திருந்தார்கள். ஓரத்தில் பச்சைச் சேலை கட்டிய ஒருத்தியின் தோள் மிச்சம் இருந்தது. அக்கா அந்தப் படத்தைப் பார்த்திருந்தால் தன்னைப் பார்த்திருக்க மாட்டார். "அந்தத் தோள் ஆர்ட? அவக்கு இந்தப் படம் போய்ச் சேர்ந்ததா?" என்றுதான் கேட்டிருப்பார்.

முப்பத்தோராம் நாள் பூசைக்கு நினைவுமலர் போடுகிறோம், நீங்கள்தான் முதலில் எழுத வேண்டும் என்று ஷிரோமி கேட்டாள். ஆகஸ்ட் திருநாள் முடியட்டும், பிறகு எழுதுகிறேன் என்று சொன்னேன். அவளுக்குக் கோபம். மலர் நான் இல்லாமலே வெளிவந்தது. அக்கா அன்பானவர், இரக்கமுள்ளவர், கோயிலுக்கு உழைத்தவர் என்று எல்லோரும் நன்றாக எழுதியிருந்தீர்கள். ஒன்றும் பொய்யில்லை. ஆனால் அதே அக்கா என் வயிற்றெரிச்சலையும் கொட்டிக்கொண்டவர். எனக்கும் அவருக்கும் நடுவில் ஒரு விஷயம் தீராமல் கிடந்தது. தீராத விஷயத்தை மூடிவைத்துவிட்டு மாலை போட எனக்குக் கை வரவில்லை. இப்போது திருநாள் முடிந்துவிட்டது. விஷயமும் முடிந்துவிட்டது. அதனால் எழுதுகிறேன்.

தலவில அன்னம்மாள் திருநாளுக்குப் போன பழைய ஆட்களுக்கு அக்காவின் கணவர் பெனடிக்ற் அண்ணனைத் தெரியாமல் இருக்காது. கோயிலுக்கும் கடலுக்கும் நடுவில், சனம் ஓலை வாடி போட்டுத் தங்கியிருக்கும் மணலில், கழுத்தில் கமராவோடு அவர் போவார். பின்னால் தோளில் பையும் காதில் பென்சிலுமாக அக்கா. அண்ணன் படம் பிடிப்பார், அக்கா எழுதிக்கொள்வார். பிலிமைச் சிலாபத்தில் கொடுத்துக் கழுவி, இரண்டு மூன்று கிழமை கழித்து மோட்டார் சைக்கிளில் ஊர் ஊராகக் கொண்டுபோய் ஆட்களிடம் கொடுப்பார்கள்.

எழுதிக்கொள்வது என்றால் பெயரை அல்ல. நம்முடைய கரையில் பெயரை எழுதி என்ன பிரயோசனம்? "பேரைக் கேட்டா ஒரு வாடியில நாலு அந்தோனி, ஆறு மேரி. அடையாளத்தைக் கேட்டா ஒரே ஒரு ஆள்தான்" என்பார் அக்கா. ஆகவே ஒவ்வொரு உறைக்கு மேலும் ஆளின் அடையாளம்தான் இருக்கும். சிலதை நான் பாடமாக்கி வைத்திருக்கிறேன். "கட்டம் போட்ட சாரம். பெஞ்சாதி கோவத்தில வேற பக்கம் பார்க்கிறா." "மூணு பிள்ளை. கைப்பிள்ளை கத்துது, தகப்பனும் கத்துறார்." "மாமி மாதிரி நிக்கிறா, ஆனா சொந்தத் தாய்." இதை வைத்துக்கொண்டு அவர்கள் ஆட்களைக் கண்டுபிடித்தார்கள் என்பதுதான் அதிசயம்.

எல்லோரையும் கண்டுபிடிக்க முடியவில்லை. காற்று மாறினால் வாடியைப் பிரித்துக்கொண்டு அடுத்த கரைக்குப் போகிற சனம். வடக்கே இருந்து வந்தவர்கள் சண்டை மூண்டபிறகு வரவே இல்லை. போன இடத்தில் ஆள் இல்லாவிட்டால் உறை திரும்பி வரும். திரும்பி வந்ததெல்லாம் இரண்டு பெரிய பிஸ்கட் டின்களில் சேர்ந்தது. டின் இரண்டும் அலுமாரிக்கு மேல். பிறகு ஆளுக்கொரு போன் வந்தது. படம் பிடிக்கிறவரைத் தேட ஆளில்லாமல் போனது. பெனடிக்ற் அண்ணனும் நெஞ்சு வருத்தத்தில் போய்ச் சேர்ந்தார். அவர் வைத்திருந்த பிலிம் சுருள்கள் கடற்காற்றில் ஒன்றோடொன்று ஒட்டிப்போய், பிரித்தால் தோலாக உரிந்தன. ஆகவே டின்னுக்குள் கிடந்த ஒவ்வொரு படமும் உலகத்திலேயே ஒன்றே ஒன்றுதான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சண்டை முடிந்து பாதை திறந்ததும் மன்னாரில் இருந்தும் யாழ்ப்பாணத்தில் இருந்தும் பஸ் பிடித்துச் சனம் மறுபடி தலவிலுக்கு வரத் தொடங்கியது. அந்த முதல் திருநாளிலேயே அக்கா இரண்டு டின்னையும் தூக்கிக்கொண்டு போனார். இரண்டு தென்னைக்கு நடுவில் கொடிக்கயிறு கட்டி, உடுப்புக்குப் போடுகிற கிளிப்பால் படங்களை வரிசையாகத் தொங்கவிட்டார். பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் கதிரை போட்டு உட்கார்ந்துகொண்டார். அறிவித்தலும் இல்லை, பலகையும் இல்லை. "முகம் இருக்கேக்கை பலகை என்னத்துக்கு?" என்று கேட்டார்.

பாதிச் சனம் அதை அலங்காரம் என்று நினைத்தது. இளம் பெட்டைகள் கயிற்றுக்கு முன்னால் நின்று போனில் தங்களைப் படம் பிடித்துக்கொண்டு, "ஐடியா நல்லா இருக்கு அன்ரி, ஆர் செஞ்சது?" என்று கேட்பார்கள். "அன்னம்மாள் செஞ்சது" என்பார் அக்கா, முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல். ஒரு மனுசன் வந்தார். நல்ல தொந்தி, தங்கச் சங்கிலி. கயிற்றில் இருந்த ஒல்லிப் பெடியன் ஒருத்தனைப் பார்த்து நெடுநேரம் நின்றார். அது தான்தான் என்று மனைவிக்குச் சொன்னார். அவள் நம்பவில்லை. "இந்த வடிவான பெடியனை எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க?" என்று கேட்டாள். அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். வருஷத்துக்குப் பத்துப் படமாவது இப்படி ஆளைத் தேடிப் போய்ச் சேரும்.

நான் அந்தக் கயிற்றடிக்குப் போனது என் அண்ணனுக்காக. அக்காவைத் தெரிந்த உங்களில் பலருக்கு இது தெரியாது.

என் அண்ணன் பெயர் அருள். அவனுக்குப் பத்தொன்பது வயது, எனக்குப் பதினொன்று. அந்த வருஷத் திருநாளில் பெனடிக்ற் அண்ணன் எங்கள் இரண்டு பேரையும் சேர்ந்து நிற்கச் சொன்னார். நான் பலூன் கேட்டதற்கு, பிறகு வாங்கித் தாறேன் என்று அண்ணன் சொல்லியிருந்தான். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். "நான் நிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுத் தூரப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அண்ணன் தனியாகவே நின்றான். இரண்டு கிழமைக்குப் பிறகு அவன் இன்னும் இரண்டு பேரோடு கடல் தொழிலுக்குப் போனான். போட் மட்டும்தான் கரை சேர்ந்தது.

வீட்டில் அவன் முகம் ஒன்றும் மிஞ்சவில்லை. அடையாள அட்டை அவன் சேட்டுப் பையோடு போய்விட்டது. சின்ன வயதில் கோயிலில் முதல்நன்மை வாங்கியபோது எடுத்த படம் கண்ணாடிக்குள் மழை ஈரம் பட்டு ஒட்டிக்கிடந்தது. அம்மா அதைப் பிரிக்கப் போய் முகம் கண்ணாடியோடு வந்துவிட்டது. மெழுகுதிரியும் வெள்ளைக் காற்சட்டையும்தான் மிச்சம். அதன் பிறகு அம்மா, அந்தத் திருநாள் படம் எங்கேயோ இருக்கிறது என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தா. அந்தோனியாரிடம் கேட்காத நாள் இல்லை. காணாமல்போன சாவியைக் கேட்டால் அவர் உடனே எடுத்துக் கொடுப்பார். இதை மட்டும் அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

இதை நான் பிலோ அக்காவிடம் சொன்னபோது அவர் பரிதாபப்படவில்லை, ஐயோ பாவம் என்றும் சொல்லவில்லை. "அடையாளம் சொல்லு" என்றார். சொன்னேன். வெள்ளைச் சேட்டு, சின்னையா மகனிடம் இரவல் வாங்கியது, கை நீளம். வலது பெருவிரலில் தூண்டில் குத்திய காயத்துக்குச் சீலைத்துண்டு. அன்றில் இருந்து ஒவ்வொரு திருநாளிலும் நான் அவரோடு கயிற்றடியில் உட்கார்ந்தேன். நாங்கள் சிநேகிதிகளானது அப்படித்தான். அவருக்கு என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது கூட. ஆனால் வாய்ச்சண்டை என்று வந்தால் இரண்டு பேருக்கும் ஒரே வயது.

மூன்றாவது வருஷம், திருநாளுக்கு ஒரு கிழமை இருக்கும்போது அக்கா போன் எடுத்தார். நான் வேலை செய்கிற பாமசியில் அப்போது நல்ல சனம். "ரஞ்சி, உன்ட அண்ணன் கிடைச்சிட்டான்" என்றார். கலியாணப் படக் கட்டு ஒன்றுக்குள் அந்த உறை செருகிக் கிடந்ததாம். உறையில் எழுதியிருந்ததை வாசித்துக் காட்டினார்: "வெள்ளைச் சேட்டு, கை நீளம். பெருவிரலில சீலை. தங்கச்சி கோவிச்சுக்கொண்டு தள்ளி இருக்கிறா, கூப்பிட்டும் வரேல்ல." நான் மருந்துத் தட்டுக்கு முன்னால் நின்று ஓவென்று அழுதுவிட்டேன். மருந்துக்கு நின்ற மனுசன் ஒருவர், "என்ன மிஸ், இந்த மருந்து இல்லையா?" என்று பயந்துபோய்க் கேட்டார்.

அன்றைக்கே பஸ் ஏறி வருகிறேன் என்றேன். அக்கா விடவில்லை. "வேண்டாம் பிள்ளை. எடுத்த இடத்திலேயே உன்ட கையில தாறேன். திருநாளில வா." எனக்கும் அது நல்லதாகப் பட்டது. அக்காவுக்குக் கொடுக்க நீலக் கரை போட்ட சேலை ஒன்று வாங்கினேன். திருநாளன்று புத்தளத்தில் பஸ் மாறக் கூட்டம் விடவில்லை. தலவிலில் இறங்கும்போது பெரிய பூசை முடிந்து சனம் கலைந்துகொண்டிருந்தது. சேலைப் பார்சலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மணலில் ஓடினேன். நாற்பது வயதை நெருங்குகிற பொம்பிளை அப்படி ஓடியதை யாரும் பார்த்திருந்தால் சிரித்திருப்பார்கள்.

அக்கா கதிரையில் இருந்தார். என்னைக் கண்டதும் எழும்பவில்லை. மடியில் அந்த உறை இருந்தது. தட்டையாக இருந்தது.

"குடுத்திட்டேன் ரஞ்சி" என்றார்.

"என்னத்தை?"

"படத்தை. ஒரு தாய் வந்தா. மன்னார்ப் பக்கம். கயிறு முழுக்கத் தேடிப் பார்த்தா, ஒண்டும் இல்லை. திரும்பேக்கை என்ட மடியில இருந்ததைக் கண்டுட்டா. எடுத்து நெஞ்சில வச்சிட்டா. என்ட பிள்ளை எண்டு சொல்லிட்டா."

"அவவின்ட பிள்ளையா அது? நீங்கதானே வாசிச்சுக் காட்டினீங்க? தங்கச்சி எண்டு எழுதியிருக்குத்தானே? தெரிஞ்சுகொண்டே குடுத்தீங்களா?"

"ஓம்" என்றார் அக்கா. "தெரிஞ்சுகொண்டுதான்."

என் வாயில் என்னென்ன வந்தது என்று இங்கே எழுத முடியாது; இது கோயில் சனமும் வாசிக்கிற எழுத்து. ஆரைக் கேட்டுக் கொடுத்தீங்க என்று கத்தினேன். எவளோ ஒருத்திக்குப் புண்ணியம் தேட என்ட அண்ணன்தானா கிடைத்தான் என்று கத்தினேன். அக்கா உறையை நீட்டினார். அதை வாங்கி அவர் மடியிலேயே வீசினேன். பஸ் நிலையத்துக்கு ஓடினேன். மன்னார் பஸ்கள் எல்லாம் போய்விட்டிருந்தன. சேலைப் பார்சலோடு சிலாபத்துக்குத் திரும்பி வந்தேன். அந்தச் சேலையை யாருக்குக் கொடுத்தேன் தெரியுமா? யாருக்கும் இல்லை, நானே கட்டித் தேய்த்தேன். அவ்வளவு கோபம்.

இரண்டு வருஷம் நான் அவரோடு பேசவில்லை. போனை எடுக்கவில்லை. திருநாளுக்குப் போகவில்லை. ஒருநாள் பின்னேரம் கதவைத் திறந்தால் வாசலில் அக்கா, கையில் ஒரு பொதி கருவாடு. நான் வாயைத் திறக்க முதலே, "உன்ட கோவம் போகட்டும் எண்டு நான் வரேல்ல" என்றார். "கோவத்தோடயே ஒரு தேத்தண்ணி ஊத்து. பஸ்ஸில வந்தது தொண்டை காயுது."

இதற்கு என்ன செய்வது? ஊற்றினேன். சீனி போடாமல் கொடுத்தேன், வேண்டுமென்றே. அவர் அதைக் குடித்துக்கொண்டே சொன்னார். "அந்தத் தாய்க்கு ஒரே பிள்ளை. நிர்மல் எண்டு பேர். சண்டைக்குள்ள காணாமப் போயிட்டான். வீடும் இல்லை, படமும் இல்லை. அவனும் ஒருக்கா கூட்டாளிமாரோட தலவிலுக்கு வந்து படம் எடுத்தவனாம், அது வந்து சேரவே இல்லையாம். என்ட கையைப் பிடிச்சுக்கொண்டு என்ன சொன்னா தெரியுமா? பிள்ளையின்ட முகம் தனக்கு மறந்து போகுதாம். கண்ணை மூடினா சேட்டு வருதாம், முகம் வருதில்லையாம். அப்பிடிச் சொன்ன கையில இருந்து நான் எப்பிடிப் பிடுங்க? பெத்த மனம் பித்து, பிள்ளை. நீ தங்கச்சி. உனக்கு அவன்ட முகம் ஞாபகம் இருக்கு."

"ஓம், இருக்கு" என்றேன்.

பொய். இன்றைக்குத்தான் முதன்முதலாக இதை எழுத்தில் சொல்கிறேன். எனக்கும் மறந்துவிட்டது. சேட்டு ஞாபகம் இருந்தது, சீலைத்துண்டு ஞாபகம் இருந்தது. முகம் இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை. அதனால்தான் எனக்கு அந்தப் படம் வேண்டியிருந்தது. அதைச் சொல்ல ரோஷம் விடவில்லை. சொல்லியிருந்தால் அக்கா உடைந்துபோயிருப்பார். சொல்லாமல் விட்டது கோபத்தாலா, இரக்கத்தாலா என்று எனக்கே தெரியவில்லை.

"சரி, அவவின்ட பேரென்ன, ஊரென்ன? நான் போய் ஒரு பிரதியாவது எடுத்துக்கொண்டு வாறேன்" என்று கேட்டேன். அக்கா கோப்பையைக் கீழே வைத்தார். அன்றைக்குத்தான் அவர் முகத்தில் ஈயாடாததைக் கண்டேன். பிள்ளையின் பெயரைத் தாய் தானாகச் சொன்னா. தாயின் பெயரை அக்கா கேட்கவில்லை, ஊரையும் கேட்கவில்லை. முப்பது வருஷப் பழக்கம். "அடையாளம் தெரியும்" என்றார் தலையைக் குனிந்துகொண்டு. "நெத்தியில இடது பக்கம் ஒரு தழும்பு. முன்பல்லு ரெண்டு இல்லை. கறுத்தக் குடை." எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அடுத்த கோப்பைக்குச் சீனி போட்டேன்.

"அவ எண்டைக்காவது வருவா. வந்தா நானே கேட்டு உனக்கு ஒண்டு எடுத்துத் தாறேன்" என்று அக்கா வாக்குக் கொடுத்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு திருநாளும் நாங்கள் இரண்டு பேரும் கயிற்றடியில் இருந்து கிழவிகளின் நெற்றியைப் பார்த்தோம். ஒரு கிழவி பொறுக்கமுடியாமல், "என்ன பிள்ளை அப்பிடிப் பார்க்கிறா, தலையில பேன் ஓடுதோ?" என்று கேட்டா. டின்னில் படங்கள் குறைந்துகொண்டே வந்தன. கயிற்றைச் சுற்றி வருகிற சனமும் குறைந்தது. போனைத் தண்ணீரில் போட்டுப் பிள்ளையின் படமெல்லாம் போய்விட்டது என்று ஒருத்தி வந்து அழுதாள். அவளுக்குக் கொடுக்க எங்களிடம் ஒன்றும் இல்லை. அந்தத் தாய் வரவே இல்லை. போன வருஷம் திரும்பி வருகிற பஸ்ஸில் அக்கா என் தோளில் சாய்ந்துகொண்டு, "நான் உனக்குச் செஞ்சது பிழை எண்டு எனக்குத் தெரியும். ஆனா திருப்பி அந்த இடத்தில இருந்தா திருப்பியும் அதைத்தான் செய்வேன். அதையும் தெரிஞ்சுகொள்" என்றார். அதைச் சொல்லிவிட்டு அவர் தூங்கிப்போனார்.

இந்த ஆகஸ்டில் ஷிரோமியிடம் டின்னையும் கயிற்றையும் கதிரையையும் வாங்கிக்கொண்டு நான் தனியாகப் போனேன். டின் இரண்டிலும் சேர்த்து ஒரு கைப்பிடி படம்தான் மிச்சம். அண்ணனுடைய உறையைத் தேடினேன், கிடைக்கவில்லை. அக்கா என்ன செய்தாரோ தெரியாது. கயிற்றைக் கட்டிவிட்டு அவருடைய கதிரையில் உட்கார்ந்தேன். பத்து மணி வெயிலில் ஒரு கறுத்தக் குடை மணலில் மெல்ல மெல்ல வந்தது. குடை சாய்ந்தபோது நெற்றியைப் பார்த்தேன். இடது பக்கம் ஒரு தழும்பு.

"இதில இருக்கிற அம்மா எங்க பிள்ளை?" என்று அந்தத் தாய் கேட்டா.

அக்கா போய்விட்டதைச் சொன்னேன். அவ அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டா, நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். "ஒவ்வொரு வருஷமும் வந்து ஒரு நன்றி சொல்லவேணும் எண்டு நினைக்கிறனான். கால் ஏலேல்லை. இந்த முறை எப்பிடியும் எண்டு வெளிக்கிட்டனான்" என்று சொல்லி அழுதா. பிறகு பையில் இருந்து ஒரு செபப் புத்தகத்தை எடுத்தா. அதற்குள் இருந்து பிளாஸ்டிக் உறை போட்ட படத்தை எடுத்து என் கையில் வைத்தா.

அண்ணன். முகம் அண்ணனுடையதுதான். கண்டதும் எனக்கு எல்லாம் திரும்பி வந்தது. ஒரு பக்கம் மட்டும் கோணுகிற வாய், ஒட்டாத காது, சிரிக்கச் சொன்னால் சிரிக்காத அந்த விறைப்பு. இவ்வளவு சின்னப் பெடியனா! என் மகனைவிடச் சின்னவன். எத்தனை வருஷம் நான் இவனை என்னைவிடப் பெரியவனாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

கேட்டிருக்கலாம். போன் என் மடியில் கிடந்தது. ஒரு பிரதி எடுக்க ஒரு நொடி வேலை. அம்மா, இது என்ட அண்ணன் என்று ஒரு வார்த்தை. நான் வாயைத் திறந்தேன். அதற்கு முன்னால் அவ பேசத் தொடங்கினா.

"காணாமல் போன பிள்ளையளைப் பதியிற இடமெல்லாம் இந்தப் படத்தைத்தான் குடுத்தனான் பிள்ளை. எத்தனை கந்தோர், எத்தனை ஐயாமார். இதுக்கு முதல் கையில ஒண்டும் இல்லாமல்தானே திரிஞ்சனான்? பேரைச் சொன்னா ஆர் தேடுவினம்? இப்ப முகம் இருக்கு. இந்த முகத்தைத் தேடுகினம்." பிறகு என் முகத்துக்குக் கிட்ட வந்து, வருகிற போகிற எல்லோரிடமும் கேட்டுப் பழகிய குரலில் கேட்டா: "நீங்கள் எங்கயாவது கண்டனீங்களோ?"

நாங்கள் மூன்றாம் மாதமே சவப்பெட்டி இல்லாமல் பூசை வைத்து, அண்ணனைத் தேடுவதை விட்டுவிட்ட குடும்பம். அப்பா கரைக்குப் போவதை விட்டார். நான் கலியாணம் முடித்துப் பிள்ளைகள் பெற்றேன். எங்களில் ஒருத்தரும் தேடாத முகத்தை இந்தக் கிழவி கந்தோர் கந்தோராகத் தூக்கிக்கொண்டு தேடியிருக்கிறா.

"கண்டிருக்கிறேன் அம்மா" என்றேன். "இப்ப இல்லை. நான் சின்னப் பிள்ளையா இருக்கேக்கை, இதே திருநாளில."

அவ என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டா. "கதைச்சவனோ? என்ன செய்துகொண்டு நிண்டவன்?"

"கிணத்தடியில நிண்டவர். நாங்க சின்னப் பிள்ளைகள் ஓடி விளையாடினோம். தண்ணி அள்ளின குளிர்ந்த கையைக் கொண்டுவந்து எங்கட கழுத்தில வச்சிட்டு ஒண்டும் தெரியாத மாதிரி நிற்பார். நாங்க கத்துவோம். ஒரு நாளும் தான் செஞ்சது எண்டு ஒத்துக்கொள்ள மாட்டார்."

அந்தத் தாய் பல்லில்லாத வாயால் சிரித்தா. கண்ணில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. "ஓம் பிள்ளை" என்றா. "அவன் அப்பிடித்தான். பெரிய குழப்படிகாரன்."

அண்ணனைப் பற்றி என் அம்மாவும் அதையேதான் சொல்லுவா. நான் படத்தைச் செபப் புத்தகத்துக்குள் வைத்து அவவின் பையில் போட்டேன். பெயரைக் கேட்டேன், ஊரைக் கேட்டேன், அடுத்த மாதம் வீட்டுக்கு வருகிறேன் என்றேன். பஸ் வரைக்கும் குடை பிடித்துக்கொண்டு கூட்டிப்போய் ஏற்றிவிட்டேன்.

பிலோ அக்கா, உங்கள் டின்னும் கயிறும் என் வீட்டில் இருக்கின்றன. அவற்றை ஷிரோமி கேட்டால் கொடுத்துவிடுவேன். உங்களிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது வேறு. என் அண்ணனுக்கு மன்னாரில் ஒரு அம்மா இருக்கிறா. அவ இன்னும் அவனைத் தேடுகிறா.